பழைய பிரேக்கை புதுசாக்கி விக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாருங்களே, தம்பிங்களே,

புதுப்பேட்டையில கடை வெச்சிருக்கறவங்க, உக்கடத்துல கழட்டுன மால் விக்கறவங்க, மாடியில ஒரு பெஞ்ச் வைஸ மாட்டி போன்லயே ஆர்டர் எடுத்து கூரியர்ல அனுப்பறவங்க, எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதறேன். நானும் உங்க ஜாதிதான், கோயமுத்தூர்ல அப்பா காலத்து லேத் பட்டறை, அவர் மில்லுக்கு ஸ்பேர் கடைஞ்சாரு, நான் அதே லேத்துல பழைய கார் வீல் சிலிண்டருக்கு (பெடல் மிதிச்சா ஆயில் பிரஷர்ல பிரேக் ஷூவ தள்ளற உருளை) ஸ்லீவ் (கெட்டுப்போன ஓட்டைக்குள்ள அழுத்தி மாட்டற புது குழாய்) போட்டு வித்துட்டு இருக்கேன். அதனால இது வெளியாள் குத்தம் சொல்றதா எடுத்துக்காதீங்க, என் தப்பும் இதுல வருது, கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

போன மாசம் ஒரு கஸ்டமர் ஒரு பார்சலை கொண்டுவந்து என் பெஞ்ச் மேல வெச்சாரு. மார்க் 2 அம்பாசடர், அவங்க தாத்தா வண்டி. நாலு வீல் சிலிண்டர், "ஒரிஜினல், ஃபுல்லி ரெஸ்டோர்டு, அப்படியே மாட்டிக்கலாம்"னு சொல்லி ஒருத்தர் வித்திருக்காரு, யாருன்னு நான் கேக்கவும் இல்ல அவர் சொல்லவும் இல்ல. பார்க்க என்னா அழகுங்கறீங்க, வெளிய எல்லாம் சில்வர் பெயிண்ட், பிளீடர் நிப்பிள் (லைன்ல மாட்டுன காத்த வெளிய விடற மூக்கு) புதுசு, டஸ்ட் கவர் பளபளன்னு, ஆனா மாட்டி ரெண்டு வாரத்துல பெடல் மெத்துமெத்துன்னு ஆயி பின் டயர் உள்பக்கம் ஈரமாயிருச்சு. நான் கவரை உரிச்சு பிஸ்டனை தள்ளுனா உள்ள ஒரு கொத்து கிரீஸ், அதை துணியில துடைச்சு டார்ச் அடிச்சு பார்த்தா போரோட, அதாவது சிலிண்டர் உள்ஓட்டையோட, அடிப்பக்கம் பூரா அம்மை தழும்பு மாதிரி குழி. மேல்பக்கம் கண்ணாடி, அடியில குழி. அந்த குழிமேல எமரி பேப்பர சுத்தி தேய்ச்ச கோடு வேற தெரியுது. ஆயில் கசியாம அடைக்கற ரப்பர் கப்பை எடுத்து நகத்தால அழுத்தினா அழுந்தவே இல்ல, ரப்பர்னு சொல்லிக்கற கல்லு.

ஏன் அடியில மட்டும் குழின்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், ஆனா வாங்கறவங்களும் இதை படிப்பாங்க, அதனால சொல்றேன். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் எல்லாம் கிளைக்கால் வகை, காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், ஓடற வண்டியில ஆயில் மாத்துவாங்க, பழைய கார் என்ன ஆகுது, வருஷத்துல பதினோரு மாசம் கவர் போட்டு ஷெட்ல நிக்குது, ஈரம் ஏறின பழைய ஆயில் சிலிண்டர் அடியில தேங்கி நின்னுக்கும், வார்ப்பிரும்பா இருந்தா துரு, அலுமினியமா இருந்தா வெள்ளையா பூத்துரும். ஓட்டி கெட்ட பிரேக்கை விட நிறுத்தியே கெட்ட பிரேக்குத்தான் என் பெஞ்சுக்கு அதிகம் வருது. அந்த குழிமேல எவ்வளவு நல்ல கப்பு போட்டாலும் அதோட உதடு குழி மேல போய் வரும்போதெல்லாம் அரம் மாதிரி அறுக்கும். அதனால எமரி போட்டு பளபளப்பாக்கினா ரிப்பேர் ஆயிருச்சுன்னு இல்ல, கை போன போக்குல தேய்ச்சா போர் முட்டை மாதிரி ஆயிரும், அப்புறம் அதுக்கு வைத்தியமே ஸ்லீவ்தான்.

இதுல இன்னொரு பயம் இருக்கு. இப்போ வர்ற கார்ல பிரேக் ரெண்டு சர்க்யூட்டு, ஒண்ணு போனா இன்னொண்ணு பாதியாவது பிடிக்கும். நம்ம கையில வர்ற மோரிஸ் மைனர், ஹெரால்டு, பழைய ஃபியட், பழைய அம்பாசடர் எல்லாம் ஒரே மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதிச்சா எல்லா வீலுக்கும் ஆயில தள்ளற தலை சிலிண்டர்), ஒரே லைன். நாலுல ஒரு வீல்ல சிலிண்டர் கப்பு புரண்டா நாலு வீலுக்கும் பிரேக் கிடையாது, மிச்சம் ஹேண்ட் பிரேக்கும் குலதெய்வமும்தான். கார்பரேட்டர ஏமாத்தி வித்தா வண்டி இருமும், டைனமோவ ஏமாத்தி வித்தா லைட் மங்கும், பிரேக்க ஏமாத்தி வித்தா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்ல.

சரி, என் கதைக்கு வர்றேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நம்ம மெட்ராஸ்ல செஞ்ச வண்டி, பெருங்களத்தூர் ஃபேக்டரியில 1961ல இருந்து போட்டாங்க, கடைசியில ஸ்டாண்டர்டு 2000 வரைக்கும் வந்து எண்பதுகள் முடியறதுக்குள்ள அந்த கம்பெனி கதையே முடிஞ்சுது. கம்பெனியே இல்லாத வண்டிக்கு பார்ட்ஸ் எங்க இருந்து வரும், காயலாங்கடையில இருந்துதான். எனக்கு ஒரு ஹெரால்டு ஓனர் பின் வீல் சிலிண்டர் ஒரு ஜோடி கேட்டாரு, கையில ஒண்ணுதான் அவரோடது, இன்னொண்ணு உடைஞ்சுபோச்சு, நான் என் பெட்டியில இருந்து அதே அச்சுல ஒண்ணை தேடி எடுத்து, ரெண்டுக்கும் ஸ்லீவ் போட்டு, புது கிட் (ரப்பர் கப்பு, கவர் செட்டு) போட்டு அனுப்பிட்டேன். வெளியில பார்க்க ரெண்டும் இரட்டைப் பிள்ளை. ஒரு வாரம் கழிச்சு போன், "மழையில லேசா பிரேக் பிடிச்சா பின்பக்கம் ஒரு சைடு இழுத்துட்டு போகுதுங்க, நேத்து பஸ்ஸுக்கு பக்கத்துல திரும்பி நின்னுட்டேன்"னு. எனக்கு கை கால் ஆடிப்போச்சு. ரெண்டையும் திரும்ப வரவெச்சு அளந்தா ஒண்ணு 5/8 இன்ச், இன்னொண்ணு 3/4 இன்ச். ஹெரால்டு வர்ற டிரையம்ஃப் (இங்கிலீஷ் கம்பெனி) குடும்பத்து சின்ன வண்டிகளுக்கு வெளி பாடி ஒரே மாதிரி இருந்து உள்போர் மட்டும் வேற வேறயா வந்திருக்கு, அது எனக்கு தெரியும், தெரிஞ்சும் என் பெட்டியில இருந்த துண்டுல அன்னிக்கு வந்த போர் என்னன்னு பார்த்து அந்த போருக்கே ஸ்லீவ் போட்டேனே தவிர பக்கத்துல இருந்த ஜோடியோட ஒத்துப் பார்க்கல.

கணக்கு சின்னதுதான். லைன்ல பிரஷர் எல்லா பக்கமும் ஒண்ணு, தள்ளற விசை பிஸ்டன் பரப்பை பொறுத்தது, பரப்பு விட்டத்தோட வர்க்கம். 3/4ங்கறது 6/8, அப்போ 6க்கு 5, வர்க்கம் போட்டா 36க்கு 25, அதாவது ஒரு பக்கம் 44 சதவீதம் அதிகமா தள்ளுது. வெறும் எட்டுல ஒரு பங்கு இன்ச் வித்தியாசம், மூணு மில்லிமீட்டர் சொச்சம். கண்ணுக்கு தெரியாது, ரோட்டுல தெரியும். அந்த மனுசன் நல்லவரு, திட்டல, "தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டீங்க"ன்னாரு, அதுதான் எனக்கு இன்னும் உறைக்குது, ஏன்னா தெரிஞ்சுக்க ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, போர் கேஜ் கைக்கெட்டற தூரத்துலதான் கெடந்துச்சு.

அன்னில இருந்து நான் ஒரு வேலை பண்றேன், இந்த மடலே அதுக்குத்தான். ஒவ்வொரு சிலிண்டரோடயும் ஒரு துண்டு சீட்டு கட்டி அனுப்பறேன். எந்த வண்டியில இருந்து கழட்டினது, வரும்போது போர் எவ்வளவு, இப்போ எவ்வளவு, ஸ்லீவ் போட்டதா ஹோனிங் (கல்லு வெச்சு உள்சுவர இழைக்கறது) மட்டுமா, ஸ்லீவ் பித்தளையா ஸ்டெயின்லெஸ்ஸா, ரப்பர் எந்த மாசம் வாங்கினது, எந்த ஆயிலுக்கு. கையெழுத்துலதான் எழுதறேன், பெருசா ஒண்ணும் இல்ல. உங்கள கேக்கறதும் அது ஒண்ணுதான், "ஒரிஜினல்"ங்கற ஒரே சொல்லை வெச்சு விக்காதீங்க, அதுல எது பழசு எது புதுசுன்னு எழுதி கையில குடுங்க.

ஏன்னா "ஒரிஜினல்"ங்கறது நம்ம லைன்ல நாலு விதமா புழங்குது. வண்டியில இருந்து கழட்டுன கம்பெனி துண்டும் ஒரிஜினல், நாப்பது வருஷமா டப்பா பிரிக்காம பரண்ல கெடந்ததும் ஒரிஜினல், வெளி பாடி பழசு உள்ள எல்லாம் புதுசும் ஒரிஜினல், சில பேருக்கு கேர்லிங்னு பழைய பிரேக் கம்பெனி எழுத்து இருந்துட்டா அதுவே ஒரிஜினல். இதுல எனக்கு ரொம்ப கடுப்பேத்தறது அந்த பரண் சரக்குதான். டப்பா பிரிக்காத மாஸ்டர் சிலிண்டர் கிட்டுன்னு பொக்கிஷம் மாதிரி விலை சொல்றாங்க, கலெக்டர்ஸும் வாங்கறாங்க, டப்பாவ ஷோகேஸ்ல வெச்சுக்கறதுன்னா எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா ரப்பருக்கு டப்பா பிரிச்சியா பிரிக்கலையான்னு தெரியாதுங்க, அது பாட்டுக்கு வயசாகிட்டேதான் இருக்கும். 1970ல செஞ்ச கப்பு 1970ல செஞ்ச கப்புதான், இரும்பு வேணா பழசா இருக்கலாம், ரப்பர் இருக்கவே கூடாது. ஆயில் போற ரப்பர் ஹோஸும் அப்படித்தான், வெளியில நல்லா இருக்கும், உள்சுவர் உப்பி ஓட்டை சுருங்கிப்போயிருக்கும், மிதிச்சா ஆயில் போகும், விட்டா திரும்ப வராது, வீல் பிடிச்சுட்டே நிக்கும், மெக்கானிக் பாவம் சிலிண்டர குத்தம் சொல்லி கழட்டிட்டு இருப்பாரு.

"ரப்பர் மாத்தினா வண்டியோட ஒரிஜினாலிட்டி போயிருமே"ன்னு ஒரு பேச்சு இப்போ கிளம்பியிருக்கு, அதுக்கும் பதில் சொல்லிடறேன். 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குன்னு தனி ரூல் போட்டுச்சு, முதல் ரிஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், புதுசா பதிய 20,000 ரூபா, நம்பர்ல ஸ்டேட் எழுத்துக்கு அப்புறம் வி.ஏ.ன்னு வரும், பத்து வருஷம் செல்லும், தினசரி ஓட்ட கூடாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பண்ணன்னு வெளிய எடுக்கலாம். அதுல வண்டி அசல் வடிவத்துல இருக்கணும்னு போட்டிருக்கு, பெருசா மாத்தக் கூடாதுன்னு சொல்றது சேஸிஸ், பாடி, இன்ஜின் பத்தி. வீல் சிலிண்டர் கப்ப மாத்தாதன்னு எந்த ஆபீசரும் சொல்லல, சொல்லவும் மாட்டாரு. இந்த ரூல் வந்த பிறகு கஸ்டமர் நட்டு போல்ட்டு வரைக்கும் "கம்பெனி ஐட்டமா"ன்னு கேக்கறாங்க, அது நம்ம பொழப்புக்கு நல்லதுதான், ஆனா அந்த கேள்விக்கு பயந்துக்கிட்டு பழைய ரப்பர துடைச்சு திரும்ப போடற ஆளுங்களும் இருக்காங்க, அது நல்லதுக்கு இல்ல.

ரெஸ்டோர்னா நான் என்ன பண்றேன்னு கொஞ்சம் விலாவாரியா எழுதறேன், தப்பிருந்தா திருத்துங்க, நானும் கத்துக்கறேன். பிஸ்டன் இறுகிப்போன சிலிண்டர காத்து அடிச்சு எடுக்காதீங்க, அது துப்பாக்கி குண்டு மாதிரி கிளம்பும், எங்க பட்டறையில ஒருக்கா சுவத்துல பள்ளம் விழுந்துச்சு, அது ஆள் மேல பட்டிருந்தா. ஆயில் வர்ற ஓட்டையில ஒரு கிரீஸ் நிப்பிளை முறுக்கி கிரீஸ் கன்னால மெதுவா பம்ப் பண்ணினா எவ்வளவு இறுகினதும் நத்தை மாதிரி வெளிய வந்துரும். அப்புறம் கழுவறது. இங்கதான் முக்காவாசி பேர் மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல்னு கை வைக்கறாங்க. பிரேக் ரப்பருக்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் ஜென்மப் பகை, ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் கப்பு இட்லி மாதிரி உப்பிக்கும். அதே காரணம்தான் நான் மேல சொன்ன அந்த கிரீஸ் விஷயமும், சாதா கிரீஸ உள்ள விட்டா கப்பு காலி, பிஸ்டன் எடுக்க விட்ட கிரீஸ ஒரு துளி விடாம சுத்தமா எடுத்துட்டு, ஸ்பிரிட்டோ புது பிரேக் ஆயிலோ வெச்சு கழுவிட்டு, அசெம்பிள் பண்ணும்போது ரப்பர் கிரீஸோ பிரேக் ஆயிலோதான் தடவணும்.

குழி லேசா இருந்து ரெண்டு மூணு தவ் (ஒரு தவ்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) ஹோனிங்ல போயிட்டா போதும், அதுக்கு மேல தோண்டவேண்டி வந்தா நான் ஹோனிங்ல நிறுத்தறதில்ல, பெருசா போர் பண்ணி ஸ்லீவ் பிரஸ் பண்ணிட்டு பழைய சைஸுக்கே கொண்டுவந்துருவேன். ஸ்லீவ் போட்டதும் ஆயில் ஓட்டைய ஸ்லீவ் வழியா மறுபடி துளைக்கணும் இல்லீங்களா, டிரில் உள்ள வெளிய வரும்போது போருக்குள்ள ஒரு பிசிறு தூக்கி நிக்கும், அது முடி கனம்தான் இருக்கும், வெறும் கண்ணுக்கு தெரியாது, விரல வெச்சு தடவினா முள்ளு மாதிரி பிடிக்கும். அதை எடுக்காம கப்ப தள்ளினா முதல் நாளே உதடு அறுந்துரும். ஒரு நல்ல ஸ்லீவ் வேலைக்கும் மோசமான ஸ்லீவ் வேலைக்கும் வித்தியாசமே அந்த பிசிறுதான், மத்ததெல்லாம் மெஷின் பார்த்துக்கும். மாஸ்டர் சிலிண்டர்னா இன்னும் கவனம், லாக்ஹீட் கம்பெனி மாதிரி டைப்புல ரிசர்வாயருக்கு (ஆயில் டப்பாவுக்கு) போற ஊசித்துளை ஒண்ணு இருக்கு, பெடல் விட்டதும் ஆயில் அது வழியாத்தான் திரும்பும், ஸ்லீவ் போட்டப்போ அது அடைஞ்சாலோ நாலு நூல் தள்ளி துளைச்சாலோ, வண்டி போக போக பிரேக் தானா பிடிச்சு டிரம் புகைஞ்சுரும். ஹெரால்டுல வர்ற கேர்லிங் மாஸ்டர்ல அந்த துளை கிடையாது, நடுவுல ஒரு வால்வு இருக்கும், அது வேற வேலை. ரெண்டும் தெரியாம ரெண்டுக்கும் ஒரே ரேட்டு சொல்றவங்கள பார்த்தா எனக்கு சிரிப்பு வரும், அப்புறம் பயம் வரும்.

டெஸ்ட் பண்றத பத்தி ஒரு வார்த்தை. கம்ப்ரஸர் காத்து விட்டு சோப்புத் தண்ணி தடவி "லீக் இல்ல"ன்னு வீடியோ அனுப்பறீங்க. நூறு பவுண்டு வெயிட்ல மிதிச்சா, பெடல் லிவர் அஞ்சு மடங்கு, மாஸ்டர் 7/8 இன்ச்னு வெச்சுக்கிட்டாலே லைன்ல 830 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர இன்சுக்கு 830 பவுண்டு) வருது, கம்ப்ரஸர் குடுக்கறது அதுல ஆறுல ஒரு பங்குகூட இருக்காது. நான் ஒரு ஆங்கிள் ஃபிரேம்ல பழைய பெடலையும் மாஸ்டரையும் மாட்டி வெச்சிருக்கேன், சிலிண்டர சேர்த்து மிதிச்சு கட்டி ஒரு மணி நேரம் விட்டுட்டு, அப்புறம் கட்டை அவிழ்த்துட்டு ராத்திரி முழுக்க சும்மா விட்டுருவேன். ரெண்டாவதுதான் முக்கியம், ஏன்னா பிரஷர் இருக்கும்போது அதுவே கப்பு உதட்ட விரிச்சு போர் மேல ஒட்ட வெச்சுக்கும், பிரஷர் இல்லாம சும்மா நிக்கும்போதுதான் கசியும். காலையில கீழ விரிச்ச பேப்பர்ல ஒரு சொட்டு இருந்தாலும் திரும்ப பிரிக்கறதுதான்.

மரை விஷயத்துலயும் ஒருத்தர் மாட்டியிருக்காரு, பேர் வேண்டாம். இங்கிலீஷ் வண்டியெல்லாம் பிரேக் பைப் நட்டு பெரும்பாலும் 3/8 யு.என்.எஃப்.ங்கற இன்ச் மரை, ஃபியட் இத்தாலி வண்டி, மில்லிமீட்டர், எம் 10. ரெண்டும் பக்கத்து பக்கத்து சைஸு, 3/8 நட்டு எம் 10 ஓட்டையில லொடலொடன்னு ஏறும், கையால முறுக்கினா பிடிச்ச மாதிரியும் இருக்கும், ஸ்பேனர் போட்டு பிரஷர் ஏத்தினா மரை வழுக்கிட்டு வெளிய வந்துரும். அதனால பத்மினிக்குன்னு (அதுவும் ஃபியட்தான்) அம்பாசடர் ஜங்ஷன் பிளாக்க தள்ளிவிடறத நிறுத்துங்க, "மெக்கானிக் டேப் போட்டு மாட்டிக்குவாரு"ன்னு வேற சொல்றீங்களாம், பிரேக் லைன்ல டெஃப்லான் டேப்பா, அடப்பாவிகளா.

டிரம்முக்குள்ள உரசற பிரேக் ஷூ பத்தியும் சொல்லியாகணும், சுருக்கமா. ஷூ மேல ஒட்டற பழைய கம்பெனி லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு. டப்பா பிரிக்காத ஒரிஜினல் ஷூவுன்னு அதை இங்கிலாந்து கஸ்டமருக்கு பார்சல் போடறவங்க தெரிஞ்சுக்குங்க, அங்க 1999லயே தடை பண்ணிட்டாங்க, பிடிபட்டா நீங்கதான் பதில் சொல்லணும். அதை விட நம்ம பட்டறை பசங்க டிரம்ம கழட்டின உடனே காத்து அடிச்சு தூசிய ஊதறாங்களே, அதை முதல்ல நிறுத்தணும், ஈரத்துணியில துடைச்சு எடுங்க. ஷூ இரும்பு மட்டும் பழசு வெச்சுக்கிட்டு புது லைனிங் ஒட்டிக்கலாம், பாடிங்கற ஏரியாவுல 1962ல இருந்து பிரேக் செய்யற கம்பெனியும், அறுபதுகள்ல இருந்து லைனிங் செய்யற கம்பெனியும் இருக்கற ஊருங்க மெட்ராஸ், நமக்கு லைனிங் மெட்டீரியலுக்கா பஞ்சம்.

டாட் 5 கேக்கற கஸ்டமர்கிட்டயும் ஜாக்கிரதை, அது சிலிக்கான், தண்ணி உறிஞ்சாது, பெயிண்ட்ட தின்னாது, நிறுத்தி வைக்கற வண்டிக்கு நல்லதுதான், ஆனா டாட் 3, டாட் 4ஓட கலக்கவே கூடாது, டாட் 5.1னு ஒண்ணு இருக்கு, பேர்தான் அஞ்சு, அது பழைய கிளைக்கால் குடும்பமே. நீங்க டெஸ்ட் பண்ண எந்த ஆயில் ஊத்தினீங்கன்னு சீட்டுல எழுதலைன்னா அவர் எதை ஊத்துவாருன்னு யாருக்கு தெரியும்.

ரெண்டு வருஷம் முந்தி யாழ்ப்பாணத்துல இருந்து ஒருத்தர் போன் பண்ணினாரு, ஏ40 ஆஸ்டினுக்கு வீல் சிலிண்டர் கேட்டு. அவங்க அப்பா ஹயர் ஓடின வண்டியாம், சண்டைக் காலத்துல பெட்ரோல் வராதப்போ மண்ணெண்ணெயில ஓடினது. நான் வழக்கம்போல எந்த ஏ40ன்னு கேட்டேன், டெவான்னா பின்னாடி ராட் இழுக்கற மெக்கானிக்கல் பிரேக், சோமர்செட்னா நாலும் ஹைட்ராலிக். சோமர்செட்தான்னாரு. அதுக்கு முன்னாடி வேற ஒருத்தர்கிட்ட வாங்கி ஏமாந்திருக்காரு போல, விலையெல்லாம் பேசி முடிச்சப்புறம் சொன்னாரு, "தம்பி, எனக்கு மினுக்கின சாமான் வேண்டாம், பிரேக் பிடிக்கிற சாமான் தாங்கோ." நான் சிலிண்டர பெயிண்ட் அடிக்காம, வெறும் இரும்பு துருப்பிடிக்காம இருக்க மெல்லிசா ஒரு கோட்டு மட்டும் குடுத்து அனுப்பினேன். இப்போ எல்லாத்தையும் அப்படித்தான் அனுப்பறேன், வார்ப்புல இருக்கற எழுத்து, பழைய அடி, கீறல் எல்லாம் அப்படியே தெரியட்டும், சில்வர் பெயிண்ட் எனக்கு எப்பவும் பிணத்துக்கு பவுடர் போட்ட மாதிரித்தான் இருக்கு, கோச்சுக்காதீங்க.

காசு பத்தி பேசாம முடிச்சா நீங்க சிரிப்பீங்க. ஒழுங்கா ஸ்லீவ் போட்டு, புது கிட் போட்டு, ராத்திரி டெஸ்ட் பண்ணி குடுக்கறதுக்கும், எமரி தேய்ச்சு பெயிண்ட் அடிச்சு குடுக்கறதுக்கும் செலவு மூணு மடங்கு வித்தியாசம், கஸ்டமருக்கு போட்டோவுல ரெண்டும் ஒண்ணு, அவர் கம்மி விலைக்குத்தான் போவாரு, அப்புறம் நான் எப்படி பொழைக்கறதுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, எனக்கும் ரெண்டு மாசம் ஆர்டர் படுத்துருச்சு. ஆனா சீட்டு கட்ட ஆரம்பிச்சப்புறம் ஒண்ணு கவனிச்சேன், கஸ்டமர் அந்த சீட்ட வண்டி ஃபைல்ல போட்டு வெச்சுக்கறாங்க, ஆர்.சி. புக், பழைய டாக்ஸ் டோக்கன் இதுங்களோட. வண்டி விக்கும்போது அதையும் காட்டறாங்க. ஒருத்தர் சீட்டு தொலைஞ்சுபோச்சு, காசு குடுத்துடறேன் இன்னொண்ணு எழுதிக்குடுங்கன்னு கேட்டாரு, பார்ட்டுக்கு பேரம் பேசின அதே மனுசன்.

சீட்டுல பொய் எழுதினா என்ன பண்றதுன்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், எழுதலாம், ஆனா போர் அளவு பொய் சொல்ல முடியாது, எந்த ஊர்ல இருக்கற எந்த லேத் பையனும் அரை நிமிஷத்துல அளந்து பார்த்துருவான், கீழ உங்க பேர் வேற இருக்கும்.

அந்த அம்பாசடர் சிலிண்டர் நாலும் இன்னும் என் பெஞ்ச் மேலதான் இருக்கு, ரெண்டுக்கு ஸ்லீவ் போட்டாச்சு, ஒண்ணு டெஸ்ட்ல நிக்குது, ஒண்ண மட்டும் அப்படியே வெச்சிருக்கேன், அதுக்கு பதிலா என் ஸ்டாக்ல இருந்து ஒண்ணு குடுத்துட்டேன். வித்தவர் இதை படிச்சா வந்து வாங்கிக்கலாம், சண்டை போட மாட்டேன், டார்ச் அடிச்சு குழிய மட்டும் காட்டுவேன், டீ நம்ம கணக்கு. சீட்டு நூறு அடிச்சு வெச்சிருக்கேன், பேர் எழுதற இடம் காலியாத்தான் விட்டிருக்கேன், வேணும்கறவங்க கேளுங்க, அடுத்த பார்சலோட வெச்சு அனுப்பறேன்.

இப்படிக்கு,
கோயமுத்தூர்ல இருந்து உங்களை மாதிரியே ஒரு லேத்துக்காரன்